இரண்டு லேப்டாப், ஒரு போர்டு

மாமியார் எனக்குக் கெடுதல் நினைத்ததே கிடையாது. அதுதான் தொல்லை. நினைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சரஸ்வதி பூஜை அன்று, மலைமேல் கரியாலூரில் எங்கள் வீட்டுக் கத்தி, கரண்டி, வண்டி என்று தொழிலுக்கு உதவும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். வீட்டுக்காரர் நடத்துவது டிபன் கடை. மழை பிடித்து அருவிக்கு ஆள் வராத நாட்களில் அடுப்பெரிவது என் சம்பளத்தில்தான். ஆடியோவைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை, வீட்டிலிருந்தே. அந்த மரியாதையில் இந்த முறை என் லேப்டாப்புக்கும் பூஜையில் இடம் கிடைத்தது. "மூடி வெச்சா சாமி எப்டி பாக்கும்?" என்று மாமியாரே அதைத் திறந்து வைத்தார். கற்பூரம் காட்டி முடித்ததும் மாவிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளித் தெளித்தார். கத்திக்குக் கொஞ்சம், என் கீபோர்டுக்குத் தாராளமாக.

துடைக்கப் பாய்ந்தேன். "பூஜைல வெச்சத நாளைக்குத்தாம்மா தொடணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். நல்ல நாளில் வாயைக் கொடுப்பானேன் என்று நானும் அடங்கிவிட்டேன். மறுநாள் பொத்தானை அழுத்தினால் உயிரே இல்லை.

திங்கட்கிழமை காலை லாகின் ஆகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். புதிது வாங்க வக்கில்லை. கள்ளக்குறிச்சிக்கு பஸ் பிடித்தேன். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு லேப்டாப்பை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ரிப்பேர் கடை பாய் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உள்ள இருக்கற மெயின் போர்டு போச்சும்மா. இதே மாடல் பழசு ஒண்ணு கெடச்சா, அதுலேர்ந்து போர்ட கழட்டி இதுல மாட்டலாம். எங்கிட்ட இல்ல."

அக்காவுக்குப் போன் செய்தேன். என்னைவிட ஒரு வயது மூத்தவள், பக்கத்தில் தியாகதுருகத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிளஸ் டூவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் எங்கள் இருவருக்கும் ஒரே மாடல். அவளுடையது எப்போதோ கீழே விழுந்து கெட்டுப்போனதாகச் சொல்லியிருந்தாள்.

"இன்னாடி, அழுவுறியா? அங்கியே இரு, எட்தாறேன்."

துணிக்கடைக் கட்டைப்பையில், பழைய புடவைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தாள்.

பாய் மூடியைத் திறந்தார். ஸ்கிரீன் நடுவில் நொறுங்கியிருந்தது. சார்ஜரை மாட்டி அழுத்தினார். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"இது நல்லாத்தான ஓடிக்கினு இருக்குது! ஸ்கிரீன் மட்டுந்தாம்மா போயிருக்கு. தண்ணி பட்டதுலேர்ந்து ஸ்கிரீன எட்து மாட்னா இதுவே ஓடும். ரெண்டுல ஒண்ணுதான் தேறும். எது ஓடணும், சொல்லுங்க."

அக்கா அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். மொத்தமும் செத்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறாள்.

"நானும் உன்ன மாரி டைப்பிங் வேல பாக்கறேன்னு கேட்டேன்டி. அன்னிக்குதான் உங்க மாமா குத்தி ஒடச்சாரு" என்றாள் என்னிடம். பாய் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூ தேடினார்.

திங்கட்கிழமை கண்முன் நின்றது. "உன்னுதையே ரெடி பண்ணிக்கலாம்க்கா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தோடுதான் சொன்னேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

"எனக்கு எதுக்கு? வூட்டுக்கு எட்துக்கினு போனா மறுபடியும் ஒடைப்பாரு. போர்ட கழட்டி அவுளுதுல மாட்டுங்க பாய்."

பாய் அணைக்கப் பொத்தானில் விரலை வைத்தார்.

"இருங்க பாய்," என்றாள் அக்கா, "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."