அரியரட்ணம் சேர் எழுதிய கடிதம்

அரியரட்ணம் சேரையும் அவரை வார்த்தெடுத்த கல்லூரியையும் நினைத்தாலே எனக்கு விசர் வரும். யாழ்ப்பாணத்தில் பரிசுத்த மாற்கு கல்லூரியின் உப அதிபராக இருந்தவர். படித்ததும் அங்கேதான், இருபத்தெட்டு வருடம் கணிதம் படிப்பித்ததும் அங்கேதான். 1997இல் அமெரிக்காவுக்கு, எங்கள் பக்கத்து ஊரான பிளசன்டனுக்கு மகள் வீட்டோடு வந்து சேர்ந்து, ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தார்.

இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரியார் ஒருவர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் தொடங்கிய கல்லூரி அது. சைவப் பிள்ளைகள் நெற்றி நிறைய விபூதியோடு காலையில் கீதம் பாடுவார்கள். அதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அங்கே தடை புகழ்ச்சிக்குத்தான். புகழ்ந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்றாராம் பாதிரியார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ அதிபர்கள் மாறிவிட்டார்கள், அந்தப் பிடிவாதம் மட்டும் மாறவில்லை.

1999இல், அதே கல்லூரியில் சேரிடம் படித்த என் தம்பி சயந்தன் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தான். ஆமியின் சுற்றிவளைப்பில் இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போய், பிறகு விட்டார்கள். மூன்றாம் தரம் விடுவார்களோ என்று நான் இங்கே சான் ரமோனில் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பு விசாவில் வந்துவிடுவான். அவனுடைய பள்ளிக்கூடப் பத்திரங்கள் 1995 யுத்த இடப்பெயர்வில் தொலைந்ததால், அவனை அறிந்த ஆசிரியரிடம் கடிதம் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

புதன்கிழமை சேர் கடிதத்தைத் தந்தார். ‘சயந்தன் 1988 முதல் 1995 வரை எங்கள் கல்லூரியில் படித்தான். நடத்தை திருப்திகரம்.’ கீழே கையெழுத்து. அவ்வளவுதான்!

"இதென்ன சேர் இது? இந்த நாட்டில நாய்க்குட்டிக்கும் இதைவிட நல்லா எழுதுவினம்! எக்சலண்ட், பிரில்லியண்ட் எண்டு ரெண்டு பக்கம் எழுதினாத்தான் அட்மிஷன் குடுப்பினம்."

"கூட்டி எழுத ஏலாது, பிள்ளை."

"நான் டைப் பண்ணிக்கொண்டு வாறன், நீங்கள் சைன் மட்டும் பண்ணுங்கோ."

"ஏலாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மரியாதையும் மறந்துபோனது. "ஏழு வருசம் படிச்சவன் ஒரு நல்லதும் செய்யேல்லையோ?" என்று கத்தினேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொண்ணூற்றைஞ்சில ஊரே வெளிக்கிட்ட அண்டைக்கு, எங்கட கேட்டில நிண்ட வோச்சர் முத்தையாவால நடக்க ஏலாது. தம்பி தன்ர பேக்கை ரோட்டில போட்டிட்டு, அவரைச் சைக்கிளில ஏத்தி, கொடிகாமம் வரைக்கும் மழைக்குள்ள உருட்டிக்கொண்டு போனவன்."

பத்திரங்கள் இருந்த பேக் தொலைந்துவிட்டது என்று மட்டுந்தான் அவன் எங்களுக்குச் சொல்லியிருந்தான்.

"அதை ஏன் சேர் எழுதேல்ல?"

"அதுக்குத்தானே பிள்ளை திருப்திகரம் எண்டு போட்டனான்."

ஐயோ கடவுளே! தலையில் அடித்துக்கொண்டேன். "நடந்ததை நடந்தபடி எழுதினா அது கூட்டி எழுதுறதில்லைத்தானே சேர்?" என்று விடாப்பிடியாக நின்றேன். அரை மணித்தியாலம் யோசித்தார். பிறகு முத்தையாவின் கதையை மூன்று வசனத்தில் சேர்த்தார். தம்பி நல்லவன் என்று அதில் ஒரு சொல் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி அனுப்பினேன்.

இடம் கிடைத்தது. உடனே கொழும்புக்கு போன் எடுத்தேன். "அட்மிஷன் வந்திட்டுதடா!" என்றேன். துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தால், "சேர் என்ன எழுதினவர்?" என்று கேட்கிறான். கடிதத்தின் பிரதியை எடுத்து வாசித்தேன். இரண்டாவது வசனத்திலேயே மறித்தான்.

"திருப்திகரமோ? சேரோ எழுதினவர்? திருப்பி வாசி அக்கா."

திருப்பி வாசித்தேன். லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று எரிச்சலோடு "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"சேர் ஆருக்கும் அந்தச் சொல்லை எழுதி நான் கேள்விப்படேல்ல அக்கா," என்றான்.