அம்மாவின் வகுப்பில் நான் சொன்ன பொய்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவிடம் படித்தவர்களுக்கும் மகளின் வணக்கம்.

அம்மா கோட்டுச்சேரியில் ஒரு தையல்காரர் வீட்டில் ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான். வணிகவியல் படித்தார், தட்டச்சு கற்றார், ஆசிரியர் பணிக்கு வந்தார். முதலில் கிடைத்த இடம் ஏனாம். கைக்குழந்தையாக இருந்த என்னைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, தெலுங்கு பேசும் அந்த ஊரில், தெலுங்கில் ஒரு சொல்லும் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் தனியே இருந்தார். அதன் பிறகே காரைக்காலுக்கு மாற்றல் கிடைத்தது.

அம்மா வேலை பார்த்த மேல்நிலைப்பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வந்தன. பாடம் நடத்த ஆள் வரவில்லை. "டைப்பிங் தெரிஞ்சவங்க நீங்கதானே டீச்சர், நீங்களே பாத்துக்குங்க" என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். கணினியை எப்படி அணைப்பது என்றுகூட அம்மாவுக்கு அப்போது தெரியாது. இரண்டு கோடை விடுமுறைகள் நாகப்பட்டினத்துக்குப் பேருந்தில் போய்வந்து பட்டயப் படிப்பு முடித்தார். அதன் பிறகும் மாணவர்கள் கேட்பது தெரியாவிட்டால், "தெரியலம்மா, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்பார். மறுநாள் சொல்லாமல் இருந்ததில்லை. வணிகவியலில் விளம்பரம் பற்றிய பாடம் வந்தால் வகுப்பையே கடைத்தெருவுக்கு அழைத்துப்போய்ப் பெயர்ப்பலகைகளைப் படிக்கவைப்பார்.

இப்படியே கடைசிவரை எழுதி, நன்றி சொல்லி முடித்த ஒரு கட்டுரை என்னிடம் இருந்தது. அதை நான் இந்த மலரில் சேர்க்கவில்லை. காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் நான் அம்மாவின் மாணவி. வகுப்பில் நானும் அவரை டீச்சர் என்றே கூப்பிடவேண்டும். அந்த ஆண்டு பள்ளிகளுக்கிடையிலான கண்காட்சிக்காக, ஊர்மக்களுக்குப் பயன்படும் ஓர் இணையப் பக்கத்தை ஆளுக்கொன்றாகச் செய்யச் சொன்னார். பட்டினச்சேரியிலிருந்து வரும் சுகந்தி என் பக்கத்துப் பலகையில் உட்காருவாள். காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று ஒரு பக்கம் செய்திருந்தாள். ஊர்ப் பெயரைச் சொடுக்கினால் நேரங்கள் விரியும். ஒரு வாரம் சாயங்காலத்தில் நிலையத்திலேயே நின்று, நடத்துநர்களைக் கேட்டுக் கேட்டு எழுதிவந்தவை அவை. அவள் வீட்டில் கணினி கிடையாது. எல்லாம் பள்ளிக் கணினியிலேயே இருந்தன.

எங்கள் வீட்டில் கணினி இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் தோன்றவில்லை. டீச்சர் மகள் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்ற பயம். சுகந்தி காய்ச்சலில் மூன்று நாள் வராதபோது, அவள் செய்ததை அப்படியே பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து நிறங்களை மாற்றினேன். அடியில் என் பெயரைப் போட்டேன்.

சுகந்தி திரும்பி வந்த அன்று இரண்டு பக்கங்களும் ஒன்றாக இருப்பதை அம்மா பார்த்தார்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான் டீச்சர். லேப்லயே செஞ்சேன்" என்றாள் சுகந்தி.

"நான் வீட்ல செஞ்சேன் டீச்சர். நீங்களே பாத்தீங்கள்ல" என்றேன் நான்.

பார்த்திருந்தார். அதனால் நம்பினார். சுகந்தியை அந்தப் பாடவேளை முழுக்க வெளியே நிற்கச் சொன்னார். கண்காட்சியில் எனக்குக் கேடயம் கிடைத்தது. மாமா மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் மாமா அதை ஒலிபெருக்கியில் அறிவித்தார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள்.

மூன்று வாரம் கழித்து, செய்முறைத் தேர்வுக்காகக் கணினிகளைச் சரிபார்த்தபோது சுகந்தியின் கோப்புகள் உருவான தேதி அம்மாவின் கண்ணில் பட்டது. என்னுடையதைவிட ஒன்பது நாள் முந்தையது. அன்று மாலை, தோளிலிருந்த பையைக்கூட இறக்கிவைக்காமல் கேட்டார்:

"நாகப்பட்டினத்துக்குக் காலையில மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

பள்ளிக்கு அம்மாவின் ஸ்கூட்டரில் போகிறவள் நான்.

"சரி, சுரக்குடிக்கு? திருவேட்டக்குடிக்கு? அத்தனையும் எழுதுனவளுக்கு ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?"

அழுதேன். கிளாஸ்ல சொல்லாதீங்கம்மா, நான் பள்ளிக்கூடமே போவமாட்டேன் என்றேன்.

"நீயே எழுந்து சொல்லிட்டா நல்லாருக்கும்" என்றார். முடியாது என்றேன். அதன் பிறகு அம்மா வற்புறுத்தவில்லை.

மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். வகுப்பில் நடந்ததைத் தோழி ஒருத்தி சொல்லித்தான் அறிந்தேன். "சுகந்தி செஞ்சதை வேற ஒருத்தர் செஞ்சதா நினைச்சுட்டேன். மெஷின்லயே தேதி இருக்கு. உங்களுக்குச் சொல்லிக்குடுக்குற நானே அதைப் பாக்காம விட்டேன். என்னை மன்னிச்சிடும்மா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கேடயத்தைக் கண்காட்சி நடத்தியவர்களிடம் திருப்பிக் கொடுத்து, சுகந்தியின் பெயரை எழுதவைத்தார். சொந்த மகளுக்காக ஒரு பெண்ணைத் தண்டித்தவர் என்று பெற்றோர் சிலர் புகார் சொல்ல, விளக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை பட்டினச்சேரிக்குப் போய் சுகந்தியின் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்டார். கிளம்பும்போது "வர்றியா?" என்றார். புத்தகத்திலிருந்து நான் தலையை எடுக்கவில்லை.

கேடயம் போன கதை உறவினர்களாகிய உங்களுக்குத் தெரியாது. கல்யாண வீடுகளில் "அந்த வயசுலயே வெப்சைட் பண்ணி ஜெயிச்சவ" என்று என்னை இன்றும் காட்டுகிறீர்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா பந்தியைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விடுவார். தன் பிள்ளையைப் புகழ்ந்தால் அவருக்குக் கூச்சம் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு முறை இதைச் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் குருவானவர், "அந்தப் பெண்ணிடம் சொன்னாயா?" என்றே கேட்டார். இரண்டு முறையும், சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சுகந்தி படித்து, காரைக்காலிலேயே கணினித் தட்டச்சுக் கடை வைத்தார். அம்மா ஓய்வு பெற்ற பிறகும் அங்கே அடிக்கடி போவார். சிறுநீரகம் பழுதாகி அம்மா மருத்துவமனையில் இருந்த மாதங்களில் சுகந்தி வாரம் தவறாமல் வந்தார். அவர் படியேறுவதைப் பார்த்ததும் நான் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விடுவேன்.

இந்த மலரை வடிவமைக்க சுகந்தி கடையில்தான் கொடுக்கவேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். முதலில் எழுதிய கட்டுரையைக் கொண்டுபோனேன். சுகந்தி முழுவதையும் படித்துவிட்டு, "அவ்வளவுதானாங்க?" என்று மட்டும் கேட்டார். தாள்களை வாங்கிக்கொண்டு வந்து இதை எழுதினேன்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், கடைசி நாட்களில் நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குக் குருவுக்கும், மாதக்கணக்கில் எங்களுக்குச் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மலரை வடிவமைத்த சுகந்திக்கு நன்றி சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இதுவரை உள்ளதை நேற்று அவரிடம் கொடுத்தேன். படித்து முடித்தவர், "ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

"டீச்சர் எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேட்டதோட போவல. 'எம் பொண்ணு ஒரு நாளு வருவா, அவளே வந்து சொல்லுவா'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்பறம் கடைக்கு வர்றப்பல்லாம் 'வந்தாளா'ன்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரியில கடைசியா பாத்தப்பவும் அதத்தான் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சுகந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'உங்க பொண்ணு வந்துட்டா டீச்சர், எல்லாம் சொல்லிட்டா'ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது அந்த நேரத்துல?"

பதினாறு வயதில் சொல்லியிருக்கவேண்டியதை அந்தக் கடையில் நின்றுகொண்டு சொன்னேன். கேட்பதற்கு அம்மா இல்லை.