நாடி திரும்பிய பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் தம்பி குமார் வீட்டில் இருந்தேன். தம்பி மனைவி கவிதாவின் அண்ணி சுமதியும் வந்திருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு இப்போதுதான் அந்த வீட்டுப் பக்கம் வருகிறார். டீயைக் கையில் வாங்கியவர், குடிக்காமல் அழ ஆரம்பித்துவிட்டார்.

"நான் இன்னும் கொஞ்சம் ஜல்தியா ஆரம்பிச்சிருந்தா, புள்ளைக்கு இவ்ளோ கஷ்டம் வந்திருக்காது கவிதா..."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு லீவு நாளில் எல்லோரும் கெடாரில், கவிதாவின் பிறந்த வீட்டு நிலத்தில் இருந்தோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நேரம். குமாரின் ஒன்பது வயது மகள் நிலா பம்ப்செட் தொட்டிக்குள் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. பார்த்துத் தூக்கியபோது மூச்சில்லை. நாடியும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தையின் கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்கினேன். குடித்த தண்ணீர் வெளியே வரவேண்டுமாம்! ஒரு நிமிடமா, இரண்டா... தெரியவில்லை. அப்படிச் செய்யவே கூடாது, அது வீணாகும் நேரம் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

சுமதி ஒரு ஸ்கூல் வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவர். பள்ளியில் ஒரு மதியம் பொம்மையை வைத்து முதலுதவி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வயலின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தவர், நிலாவை என் கையிலிருந்து பிடுங்கித் தரையில் கிடத்தினார். வாயோடு வாய் வைத்து ஊதினார். நெஞ்சின் நடுவில் வேகவேகமாக அமுக்கினார். மறுபடி ஊதினார்...

"மெதுவாம்மா, எலும்பு ஒடைஞ்சிடப்போவுது!" - இதைச் சொன்னதும் நான்தான்.

"ஒடைஞ்சா ஒட்டிக்கும்ணா. தள்ளி நில்லுங்க."

அவர் நிறுத்தவே இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாடி திரும்பிவிட்டது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி. எட்டாம் நாள் நிலா கண் திறந்தாள். தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தோம்.

'பிழைத்துவிட்டாள்' என்று நாம் நிம்மதியாகக் கலைந்து போகிறோம். பெற்றவர்களுக்கு அங்கேதான் எல்லாமே ஆரம்பம். நிலா நடக்கிறாள், பேசுகிறாள். ஆனால் இடது கை தடுமாறுகிறது. காலையில் படித்தது மதியம் ஞாபகமில்லை. இதயம் நின்றிருந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகவில்லை என்றார் டாக்டர். "வளர்ற மூளை, தேறி வரும். எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது."

சுமதி அழுவதைப் பார்த்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

"லேட்டானது உன்னால இல்லம்மா. தலைகீழா புடிச்சிக்கினு நின்னவன் நான்."

குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கவிதா, அண்ணியின் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியும் மாமா. நானும் அங்கதான இருந்தேன்." அடுத்துக் கேட்டாள். "புதன்கெழம விழுப்புரத்துல தெரப்பி. எனக்கு லீவு கெடைக்கல. நீங்க கூட்டிக்கினு போறீங்களா?"

போனேன். பஸ்ஸில் நிலா நான்கு முறை கேட்டாள், "எங்க போறோம் பெரிப்பா?" நான்கு முறையும் சொன்னேன். விழுப்புரத்தில் இறங்கியதும் நான் கேட்டேன்.

"நாம எங்கம்மா போறோம்?"

"தெரப்பிக்கு! உங்களுக்கு எத்தினி வாட்டி சொல்றது பெரிப்பா?"