சீல் பிரிக்காத கம்ப்யூட்டரும் என் டப்பாவும்

என் கம்ப்யூட்டரை டப்பா என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் இன்றும் பதில் சொல்ல நான் தயார். சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது அது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டி பஜாரில் அதை வைத்துத்தான் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் டைப் செய்யும் கடை நடத்தினேன். சூடு தாங்காது என்பதால் பக்கத் தகட்டைக் கழற்றிப் போட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிடுவேன். எனக்கு வியர்த்தால் வியர்க்கட்டும்.

எதிர்க்கடையிலும் அதே தொழில்தான். நடத்தியவர் பழவேற்காட்டு பாய். அவருடையது கம்பெனி கம்ப்யூட்டர். பின்னால் வாரண்டி சீல் பளபளக்கும். காலையில் ஷட்டர் தூக்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுவோம். யாருடைய திரை பிந்துகிறதோ அவர் டீ சொல்ல வேண்டும்.

"இன்னாம்மா, ஒன் டப்பா சட்டையில்லாம நிக்குது, கூச்சமா இல்ல?" என்பார்.

"உங்களுது கோட்டு சூட்டு போட்டுக்கினு தூங்குது பாய். மொதல்ல அத எழுப்புங்க" என்பேன்.

எங்கள் ஊரில் இரும்பு மில் உலைகள் ஓடும்வரை வோல்டேஜ் குறைந்துதான் கிடக்கும். அதனால் எல்லாரும் ஸ்டெபிலைசர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவைத்து, அதோடு மறந்துவிடுவோம். ஆயுத பூஜை அன்று மதியத்தோடு மில்கள் மொத்தமும் நின்றன. வோல்டேஜ் எகிறியது. பூஜைக்காக நான் மெயினையே அணைத்திருந்தேன், இல்லையென்றால் என்னுடையதும் காலி. பாய் மட்டும் தன் தங்கச்சியின் நிக்காஹ் பத்திரிகையை முடித்துக்கொண்டிருந்தார். பட்டென்று ஒரு சத்தம், பிறகு புகை.

ஓடி வந்தார். "பேஜாராப் பூட்ச்சிம்மா! பத்திரிகை மொத்தம் அதுக்குள்ள மாட்டிக்கினு கீது. சாயங்காலத்துக்குள்ள மண்ணடி மாமா பிரஸ்ஸுக்குப் போவலன்னா கல்யாணத்துக்கு கார்டே வராது."

"ஹார்ட் டிஸ்கக் கழட்டிக்கினு வாங்க. என்னுதுல மாட்டலாம்."

"சீல் கீதேம்மா, கிழிச்சா வாரண்டி பூடுமே..."

"சீலு பெருசா, தங்கச்சி பெருசா?"

அவரே நகத்தால் கிழித்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளுக்குள் குஷியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

டப்பா மேல் இருந்த மாலையில் நான் கை வைத்ததும், பூஜைக்காகக் கடைக்கு வந்திருந்த அம்மா கத்தினாள். "சாமிக்கு வெச்சத இன்னிக்குத் தொடக் கூடாதுடி! நாளைக்கு மறு பூஜ போட்டுட்டுத்தான் எடுக்கணும்!"

"ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு ஒதவாதது இன்னாம்மா ஆயுதம்? பாவம் வந்தா எனக்கே வரட்டும்."

மாலையைக் கழற்றினேன். ஸ்டெபிலைசர் குமிழைக் கீழே இறக்கினேன். பக்கம் திறந்தே கிடந்ததால் கேபிளைச் செருகியதுதான் வேலை. மெயினைப் போட்டதும் பத்திரிகை ஒரு எழுத்துக் குறையாமல் திரையில் வந்தது. பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார். அம்மா வாசலில் நின்று முறைத்தாள்.

டைப் செய்த கடையின் பேரைப் பத்திரிகையின் அடியில் சின்ன எழுத்தில் போடுவது வழக்கம். அங்கே அவர் கடைப் பேர் இருந்தது.

"இன்னா பாய், டப்பாவுல வந்த பத்திரிகைக்கு யார் பேரு?" என்றேன், சீண்டலாகத்தான்.

பாய் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, தன் கடைப் பேரை அழித்துவிட்டு என் கடைப் பேரை அடித்தார்.

அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை எங்கள் வீட்டுக்குத்தான் எடுத்து வந்தார். அம்மா அடியோரம்வரை படித்தாள். பிறகு எழுந்துபோய் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.