ஷம்சுதீன் பாயின் திரையில் நான் ஏற்றிய பெயர்கள்

ஷம்சுதீன் பாய் இறந்த செய்தி எங்கள் உப்பு ஆலையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. “பாய் மவுத்தாயிட்டாரு. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம், கூனிமேடு.” அதற்குக் கீழே நான்கைந்து கும்பிடும் கைகள், அவ்வளவுதான். ஆலையிலிருந்து போனது நான் ஒருவன். மற்றவர்கள் வராததற்குக் காரணம் உண்டு. ‘ஆபீசுக்குக் கோள் சொன்ன பாய்’ என்றுதான் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். ஆலைக்கு வெளியே அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவது அழுது தீர்க்க மட்டுமல்ல. கோள் சொன்னது அவர் இல்லை.

துபாயில் ஒரு பெரிய கட்டடத்தின் மின் பராமரிப்பைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மரக்காணத்தில் எங்களோடு சேர்ந்தவர் பாய். முதல் நாளே மோட்டார் பதிவேட்டைப் புரட்டினார். மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டிய கட்டங்களில் எல்லா ஷிப்டிலும் ‘நார்மல்’ என்றே இருந்தது. “ஏம்பா, ஒரு நார்மல்னா எத்தன யூனிட்டு?” என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

மேலாளரை மாதக்கணக்கில் நச்சரித்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மீட்டர் வாங்கி, அத்தனையையும் ஆபீஸ் கிளார்க்கான என் மேசைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். எந்த இயந்திரம் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது திரையில் கோடாக ஓடியது. முதல் வாரமே ஒன்று தெரிந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகும், உப்புத் தண்ணீர் இறைக்கும் பம்புகள் நிறைந்து வழியும் தொட்டிக்கே இறைத்துக்கொண்டிருந்தன.

“நிறுத்துனா உப்பு புடிச்சிக்கும் பாய். அப்புறம் சுத்தவே சுத்தாது” என்றார் பம்பு பார்க்கும் ஏழுமலை. அந்தப் பயம் பொய்யில்லை. பாய் அவரைத் திட்டவில்லை. “அஞ்சு நிமிஷம் நல்ல தண்ணிய உட்டுக் கழுவிட்டு நிறுத்துங்க, புடிக்காது” என்று தானே குழாயைத் திருப்பிக் காட்டினார். சாப்பிட்டு வந்து சுவிட்சைப் போட்டதும் பம்பு சுற்றியது. மறுநாள் ஏழுமலை தன் தூக்குவாளியிலிருந்து அவருக்கு மீன் குழம்பு ஊற்றினார்.

பிறகு மேலாளருக்கு அந்தக் கோடுகள்மீது ஆசை வந்தது. பம்பு வீணாக ஓடும் நேரத்தைச் சிவப்பாக்கி, பக்கத்தில் ஷிப்ட் ஆளின் பெயரையும் போட்டு, நோட்டீஸ் பலகையில் ஒட்டச் சொன்னார். “கலரு மிஷினுக்குத்தான் சார், மனுஷனுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு பாய் வெளியே போய்விட்டார். ஷிப்ட் பட்டியல் என்னிடம் இருந்தது. மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பெயர்களை ஏற்றினேன். முடியாது என்று சொல்லும் எண்ணம்கூட எனக்கு வரவில்லை, வெட்கக்கேடு.

முதல் வாரத்துச் சிவப்புக்காக ஏழுமலைக்கு மெமோ வந்தது. கழுவும் நேரமும் சிவப்பில் சேர்ந்துவிடுமோ என்று பயந்து, சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஓடினார்கள். உப்பு இறுகி, இரண்டு மோட்டார்கள் புகைந்து போயின. “எங்க பேரப் போட்டு மாட்டி உட்டுட்டியே பாய்” என்று ஆபீசில் அத்தனை பேர் முன்னால் ஏழுமலை கத்தினார். பாய் என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பெயரை அவர் சொல்லவில்லை. மீட்டர்களைக் கழற்றினார்கள், அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பதிவேட்டில் பழையபடி ‘நார்மல்’ ஏறியது. அவரோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

போன மாதம் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ஸ்டோருக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் வாயெடுக்கும் முன் அவரே கேட்டார்: “மீட்டரு போனா போவட்டும்பா. கழுவிட்டுத்தான நிறுத்துறாங்க?” அந்த நேரத்திலும் பம்புகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஸ்டோர் தள்ளி இருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. “ஆமா பாய், எல்லாரும் கழுவிட்டுத்தான் நிறுத்துறாங்க” என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று சிரித்தார்.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன். இனி சொல்லி என்ன, கேட்க அவர் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதையும் பொய் சொல்லித்தான் வாங்கினேன்.