ரிச்மண்ட் மலையும் முப்பத்து மூன்று நிமிடங்களும்

ஏப்ரல் கடைசியில் பதினாறு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போனேன். திருச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த சுகிர்தா அங்கே இருக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வந்து படித்தவள், திருமணமாகி லண்டன் போய் இருபத்து நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவாள், ஒவ்வொரு வருடமும் வங்கியில் ஏதாவது ஒரு தணிக்கை குறுக்கே நிற்கும். இந்த முறை தணிக்கையைத் துணை மேலாளர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

சுகிர்தாவின் வீடு ரெய்னர்ஸ் லேன் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. அவளுக்கு மருந்துக்கடை ஒன்றில் வேலை. அவள் கணவர் ரகு அண்ணா ஒரு கணக்கர் அலுவலகத்தில் இருக்கிறார். லண்டனின் பெரிய இடங்களை எல்லாம் நான் தனியாகவே ரயிலில் போய்ப் பார்த்துக்கொண்டேன், அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் ரிச்மண்டைப் பற்றி. செவ்வாய்க்கிழமை சுகிர்தாவுக்கு விடுமுறை. அவளே காரில் கூட்டிப்போனாள்.

பதினொரு மைல் தூரம், ஐம்பது நிமிடம் ஆனது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தனியார் பார்க்கிங்கில் வண்டியை விட்டோம். நுழையும்போதே கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும், இயந்திரத்தில் வண்டி எண்ணை அடித்துப் பணம் கட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஆறு பவுண்டு நாற்பது பென்ஸ், நான்கு மணி நேரத்துக்கு ஒன்பதரை. நான்கு மணி நேரமே வாங்கிவிடலாமா என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ரகு அண்ணாவோடு வந்தபோது ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டதாகச் சொல்லி, சுகிர்தா இரண்டுக்கே கட்டினாள்.

அன்றைய நடை மொத்தம் இரண்டரை கிலோமீட்டர்தான். முதலில் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். தேம்ஸ் அங்கே நகரத்து ஆறு மாதிரி இல்லை, அகலம் குறைந்து அமைதியாக ஓடுகிறது. கடலின் ஏற்ற இறக்கம் அதுவரை வருகிறதாம். நீர் மிகவும் ஏறும் நாட்களில் கரையோரப் பாதையும் முழுகிவிடும் என்று, புல்சரிவின் படிக்கட்டில் உட்கார்ந்து சுகிர்தா விளக்கினாள். பாலத்தடியில் நின்று, கவிழ்த்து வைத்து வண்ணம் பூசிக்கொண்டிருந்த படகுகளைக் காட்டினாள். பிறகு டெரஸ் கார்டன்ஸ் என்ற பூங்கா வழியாக மேலே ஏறினோம். சரிவு செங்குத்து. ஒவ்வொரு வளைவிலும் அவள் என்னை நிறுத்தி ஒன்றைக் காட்டினாள்: ஒரு மரத்தின் பட்டை, பாத்தியில் அப்போதுதான் விரியும் டூலிப் பூக்கள், திரும்பிப் பார்த்தால் கீழே தெரியும் ஆறு. இவ்வளவு பொறுமையாக ஊர் காட்டும் ஒருத்தி எனக்குக் கிடைத்தாளே என்று மகிழ்ந்துபோனேன்.

உச்சியில் ஒரு நீண்ட நடைபாதை, வரிசையாக பெஞ்சுகள். அங்கிருந்து பார்த்தால் ஆறு மரங்களுக்கு நடுவே மெல்ல வளைந்து போகிறது. கீழே புல்வெளி, அதில் மாடுகள். பெரிய கட்டிடம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. இந்தக் காட்சியை யாரும் கட்டிடம் கட்டி மறைத்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்திலேயே சட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு காட்சி மக்களின் சொத்து என்று நினைக்கத் தெரிந்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. பெஞ்சிலேயே ஒரு காபி குடித்தோம், மூன்று பவுண்டு எண்பது. பிறகு கடைகளையும் வீட்டுக் கதவுகளின் நிறங்களையும் பார்த்துக்கொண்டே சரிவில் இறங்கினோம்.

அடுத்த திங்கட்கிழமை சுகிர்தாவின் பெயருக்குக் கடிதம் வந்தது. வண்டி உள்ளே நுழையும் படம், 11.08. வெளியே போகும் படம், 1.41. இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு முப்பத்து மூன்று நிமிடம் கூடுதலாக நின்றிருக்கிறோம். பத்து நிமிடச் சலுகை போனாலும் மிச்சம் இருபத்து மூன்று. நூறு பவுண்டு கட்ட வேண்டும், பதினான்கு நாளுக்குள் கட்டினால் அறுபது.

எனக்குள் இருந்த வங்கி அதிகாரி விழித்துக்கொண்டாள். அன்று மாலையே உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். இது நம் ஊர் நகராட்சி மாதிரியான கவுன்சில் போடும் அபராதம் இல்லை, நிலத்தை நிர்வகிக்கும் தனியார் நிறுவனம் கேட்கும் தொகை. முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிடலாம். அவர்கள் மறுத்தால் வெளியே தனி அமைப்பு ஒன்று இலவசமாக விசாரிக்கும், ஆனால் அங்கேயும் தோற்றால் தள்ளுபடி போய் முழு நூறையும் கட்ட வேண்டியிருக்கலாம். அறிவிப்புப் பலகை தெளிவாக இல்லையென்றால் ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்று எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

ரகு அண்ணா தொலைபேசி நிறுவனத்தோடு பன்னிரண்டு பவுண்டுக்காக ஐந்து மாதம் சண்டை போட்டு ஜெயித்தவர். அந்தக் கதையை நான் வந்த முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் துணைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "அறுபதைக் கட்டிப்போட்டு நிம்மதியாய் இருப்பம்" என்றார். சுகிர்தா எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை பலகையைப் படம் எடுக்க நான் மட்டும் மறுபடி ரிச்மண்ட் போனேன். ரெய்னர்ஸ் லேனில் பிக்கடில்லி ரயில் ஏறி, ஹேமர்ஸ்மித்தில் டிஸ்ட்ரிக்ட் ரயிலுக்கு மாறினால், மொத்தம் ஒரு மணி நேரம். பலகையில் ஒரு குறையும் இல்லை. நுழைவில் ஒன்று, இயந்திரத்தின் அருகே ஒன்று, சுற்றிலும் கம்பங்களில் நான்கு, எல்லாவற்றிலும் கட்டணம் பெரிய எழுத்தில் இருந்தது. என் வாதம் அங்கேயே முடிந்துபோனது.

வந்தது வந்தாயிற்று, அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அதே வழியில் நடந்தேன். ஆறு, பாலம், பூங்கா. பூங்காவின் முதல் வளைவில், அவள் மரப்பட்டையைக் காட்டிய இடத்தில், ஒரு கைப்பிடிச் சுவர் இருப்பதைப் பார்த்தேன். டூலிப் பாத்திக்கு எதிரே ஒரு பெஞ்சு. ஆற்றைத் திரும்பிப் பார்க்கச் சொன்ன இடத்தில் ஓர் இரும்புக் கம்பி. அவள் எனக்கு எதையாவது காட்டிய ஒவ்வோர் இடத்திலும் சாய்ந்துகொள்ள ஒன்று, பிடித்துக்கொள்ள ஒன்று, அல்லது உட்கார ஒன்று இருந்தது. இறங்கும் வழியில் கதவுகளின் நிறத்தை ரசித்தோமே, அந்த வீடுகளுக்கெல்லாம் முன்னால் இடுப்பளவு வேலி. மேலே காபியும் குடித்து, அன்று உட்கார்ந்த அளவுக்கு உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கினேன். பார்க்கிங்குக்குத் திரும்பியபோது கடிகாரத்தைப் பார்த்தேன், நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சுகிர்தா சமையலறையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அந்த ஸ்டூலைப் பார்க்கிறேன். பலகை சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

"அப்ப கட்டுவம்" என்றாள்.

"நானும் அந்த வழியிலேயே நடந்து பார்த்தேன், சுகி."

கத்தி நின்றது. எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டாள். சொன்னேன். நறுக்கிய லீக்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"ரெண்டு வருசமாய் வருத்தம்" என்றாள்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் வருத்தம் என்றால் நோய். விடுதியில் அதை முதல் முறை கேட்டு, யார் மனதைப் புண்படுத்தினார்கள் என்று அவளிடம் விசாரித்தவள் நான். இப்போது எனக்கு இரண்டு பொருளும் சேர்ந்தே கேட்டது. நரம்பில் வரும் நோய். கார் ஓட்டலாம், கடையில் நிற்கலாம், ஆனால் பத்து நிமிடம் தொடர்ந்து நடந்தால் கால் தன்னுடையது போலவே இருக்காது என்றாள். டாக்டர், ரகு அண்ணா, ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகம், இவ்வளவு பேருக்குத்தான் தெரியும்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீர் வந்திருக்கிறது பதினாறு நாள். அதிலை ஒரு நாளும் நீர் வருத்தக்காரியைப் பாக்க வந்த ஆளாய் இருக்கக் கூடாது எண்டு நினைச்சன்."

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் முறையீட்டுப் பக்கத்தில் காரணங்களின் பட்டியலில் உடல்நலம் என்று ஒன்று இருந்தது என் நினைவுக்கு வந்துவிட்டது. கூடுதல் நேரம் எடுத்ததற்கு மருத்துவக் காரணம் இருந்தால் அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும், நானே எழுதித் தருகிறேன், நிச்சயம் கிடைக்கும் என்றேன். அவள் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"அறுபது பவுண்ஸுக்கு என்ர வருத்தத்தை விக்கச் சொல்லுறீரோ?"

திங்கட்கிழமை மாலை எழுதி வைத்திருந்த குறிப்புகளை எல்லாம் அழித்தேன். ரகு அண்ணா ஏன் உடனே கட்டிவிடலாம் என்றார் என்று இப்போது புரிந்தது. வியாழனும் வெள்ளியும் நாங்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்டன் பார்க்கில் புடவை வாங்கப் போனபோது, சுகிர்தா முதல் முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு கடைகளுக்கு நடுவே, எதையும் காட்டாமல், "கொஞ்சம் நிப்பம்" என்றாள். நின்றோம்.

சனிக்கிழமை காலை எழுந்து வந்தபோது அவள் மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முறையீட்டுப் பக்கம் திறந்திருந்தது.

"யோசிச்சுப் பாத்தன்" என்றாள். "இதுக்குக் காசு கட்டி மறைச்சால், இனி எல்லாத்துக்கும் கட்டி மறைக்க வேண்டி வரும். எனக்கு ஏலாது."

நான் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே எழுதுறன் என்றாள். ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம்தான். தனக்கு இன்ன நோய், அதனால் நடக்க மற்றவர்களைவிட அதிக நேரமாகும். அன்று தன் பழைய வேகத்தை நம்பி இரண்டு மணி நேரத்துக்குக் கட்டியது தன் தவறு. பலகைகள் தெளிவாகவே இருந்தன. அந்த முப்பத்து மூன்று நிமிடமும் நடப்பதற்கும் நடந்தபின் ஓய்வெடுப்பதற்கும் ஆன நேரம். மருத்துவமனைக் கடிதம் ஒரு பக்கம் இணைக்கப்பட்டிருக்கிறது. நடுவில் துரதிர்ஷ்டவசமாக என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாமே என்றேன். அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள்.

இருபத்தைந்து வருட வங்கி வேலையில் எத்தனையோ முறையீட்டுக் கடிதங்கள் படித்திருக்கிறேன். கெஞ்சாமல், குறை சொல்லாமல், தன் தவறையும் மறைக்காமல் எழுதிய கடிதம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ரகு அண்ணா வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார். முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். ஒரு காற்புள்ளியை மட்டும் சரிசெய்யச் சொல்லி, "நல்லாயிருக்கு" என்றார். சுகிர்தா அனுப்பு பொத்தானை அழுத்தினாள். மறுநாள் மதியம் எனக்கு விமானம்.

ரிச்மண்ட் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாலையில் போகாதீர்கள், மலையிலிருந்து பார்க்கும்போது வெயில் கண்ணில் அடிக்கும், காலைதான் நல்லது. ரயிலில் போனால் காலை நெரிசல் முடிந்தபின் ஏறுங்கள், கட்டணம் குறையும். காரில் போனால், உங்களோடு வருகிறவர்களில் மிக மெதுவாக நடப்பவரின் நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூட்டி வாங்குங்கள். மலையின் உச்சியில் இருக்கும் பெரிய பூங்காவில் இலவசமாகவே வண்டியை நிறுத்தலாம் என்று எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, அங்கிருந்து காட்சிக்கு ஏற வேண்டியதும் இல்லை.

தனியார் பார்க்கிங் நோட்டீஸ் வந்தால் குப்பையில் போடாதீர்கள், கண்டுகொள்ளாமல் விட்டால் நீதிமன்றம் வரை போகலாம். படத்தில் இருக்கும் நேரங்களைச் சரிபாருங்கள். பணம் கட்டிய ரசீதைத் தேடி எடுங்கள். முடிந்தால் பலகையைப் போய்ப் பாருங்கள், அது தெளிவாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். தள்ளுபடி நாட்களுக்குள் முறையிட்டால், மறுக்கப்பட்டாலும் சில நிறுவனங்கள் அந்தத் தள்ளுபடியை இன்னொரு முறை தருகின்றன. உங்கள் நோட்டீஸில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான காரணம் இருந்தால் அதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், அது வேறொருவருடைய காரணமாக இருந்தால் அவர் சொல்லும்வரை காத்திருங்கள். கட்டுவதா எதிர்ப்பதா என்பதை நான் ஒரு கணக்காகத்தான் பார்த்தேன், அறுபதுக்கும் நூறுக்கும் நடுவே. சுகிர்தாவுக்கு அது வேறு முடிவாக இருந்தது.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து அழைப்பு வந்தது. வேலையிடத்தில் மேலாளரிடம் பேசிவிட்டாளாம். எதிர்பார்த்த மாதிரி யாரும் பரிதாபப்படவில்லையாம், மறுநாளே மருந்து கொடுக்கும் மேசைக்குப் பின்னால் ஓர் உயர நாற்காலி வந்துவிட்டதாம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு கவுன்சில் கொடுக்கும் நீல நிறப் பார்க்கிங் அட்டைக்கும் எழுதிப் போட்டிருக்கிறாள். நாற்காலியின் உயரம், அதன் சக்கரம், கூட வேலை செய்யும் பெண்கள் மாறி மாறி அதில் உட்கார்ந்து பார்த்தது எல்லாவற்றையும் அரை மணி நேரம் சொன்னாள். போனை வைக்கப் போகும்போதுதான் நான் கேட்டேன், அந்த நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று.

"ஓ, அதுவோ" என்றாள். "அது போன கிழமையே ரத்துப் பண்ணிப்போட்டாங்கள். சொல்ல மறந்துபோனன்."