இருபதாவது நகம்

எங்கள் நாய்க்கு இருபது நகங்கள். மற்ற நாய்களுக்குப் பதினெட்டு: முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு. எங்களுடையதற்குப் பின்கால்களிலும் பாதத்துக்குச் சற்று மேலே, உட்புறமாக, காலுக்கு ஒரு நகம் கூடுதலாகத் தொங்குகிறது. குட்டியாக இதைத் தந்த முள்ளியவளைக்காரர் வேட்டைக்குப் போகிறவர். தரும்போது காலைத் தூக்கிக் காட்டினார்.

"இருபது நகம், ஐயா. லேசில கிடையாது. இந்த ரெண்டிலயும் மட்டும் கை வச்சிடாதேங்கோ. இதின்ர பலமே இதுக்குள்ளதான்."

எண்ணிப் பார்த்தேன். இருபதுதான். நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யார் என்ன தொகை சொன்னாலும் ஒருமுறை சரிபார்க்காமல் விட என்னால் முடியாது. பலத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது. பன்றியின் சத்தம் கேட்டால் எங்கள் நாய் குசினிக்குள், அடுப்படிக்கே ஓடி வந்துவிடும்.

பதினெட்டு நகங்களை எங்கள் ஊர் வட்டக்கச்சியின் கிரவல் றோட்டே தேய்த்துவிடும். நிலத்தைத் தொடாத அந்த இரண்டும்தான் வளரக்கூடியவை. பதினொரு வருடமாக அவை ஏன் வளரவில்லை என்று நான் யோசித்ததில்லை. மனைவி கனடாவுக்குப் போன பிறகுதான் யோசித்தேன்.

மகளுக்கு இரண்டாவது பிள்ளைப்பேறு. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு விசாவை நீடித்தார்கள். வீட்டில் நானும் நாயும்.

ஒரு மாலை நாய் முற்றத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது. இடது பின்காலின் கூடுதல் நகம் மோதிரம் போல வளைந்து, நுனி திரும்பவும் சதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததைக் கண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். நுனிக்கும் சதைக்கும் இடையில் ஒரு நெல்மணி அளவு இடம். வலது காலில் இரண்டு நெல்மணி. விரலை நீட்டினேன். நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. தொண்டைக்குள் எங்கோ தூரத்தில் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடுவது போல உறுமியது. விரலை எடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை மனைவி வட்ஸ்அப்பில் எடுத்தபோது கேட்டேன்.

"இஞ்சேரும், உந்த நாயின்ர கூட நகம் ரெண்டும் சுருண்டு போச்சு. நீர் ஏதும் செய்யிறனீரோ?"

"ஓம், வெட்டுறனான்."

"கை வைக்கக் கூடாதெண்டெல்லோ அந்தாள் சொன்னது?"

"அந்தாள் சொல்லும். வெட்டி வெட்டித்தான் பதினொரு வருசம் ஓடினது. நீங்கள் எண்ணிக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

எண்ணினேன்தான். நுனியை வெட்டினால் எண்ணிக்கை குறையாது.

"என்னெண்டு வெட்டினனீர்? என்னைக் கண்டா உறுமுது."

"குசினியில நிலத்தில இருந்து கதைச்சுக்கொண்டிருப்பன். அவன் காலைத் தருவான். வெட்டுவன்."

"அப்பிடி என்ன கதைக்கிறனீர்?"

"உங்களைப் பற்றித்தான்."

பின்னால் மகள் சிரிப்பது கேட்டது. நகவெட்டி எங்கே என்று கேட்டேன். மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது என்ர பையோட இஞ்ச வந்திட்டுது. அப்ப உங்கட கால் நகம்?"

"அதை விடும்."

"பாத்தியளே, நீங்களும் உறுமுறியள்."

என் முழங்கால் மடியாது. என் கால் நகங்களையும் அவள்தான் வெட்டிவிடுகிறவள். அடுத்த முறை சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போனபோது ஒரு தாதி பார்த்துவிட்டு, ஏசிக்கொண்டே பத்தையும் வெட்டிவிட்டார். நாய்க்கு அப்படி ஒரு கிளினிக் இல்லை.

மனைவியின் குரலைக் கேட்டாலாவது காலைத் தரும் என்று நினைத்து, அடுத்த அழைப்பில் போனை நாயின் முன்னால் பிடித்தேன். "டேய் ராசா, ஐயாவுக்குக் காலைக் குடடா" என்றாள். நாய் காதுகளை நிமிர்த்தியது. போனை முகர்ந்தது. போனுக்குப் பின்னால் வந்து பார்த்தது. பிறகு நேராகப் படலைக்குப் போய் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தது. பொழுது படும்வரை வரவில்லை, சோறும் தின்னவில்லை. அதன் பிறகு நான் போனை அதற்குக் காட்டுவதில்லை.

பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். நாற்பத்தைந்து வயது, லான்ட்மாஸ்டர் வைத்திருக்கிறார், எதற்கும் உடனே ஒரு வழி சொல்லுவார்.

"இதென்ன ஐயா பெரிய வேலை? வாயைக் கட்டிப்போட்டு பாக்குவெட்டியால ஒரு நறுக்கு. முடிஞ்சுது."

"பாக்குவெட்டியாலயோ?"

"கொட்டைப்பாக்கையே வெட்டுது. நகத்தை வெட்டாதே? எங்கட வீட்டில என்ர மாமியின்ர ஒண்டு கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறன். மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

வந்தார். என் சால்வையால் வாயைக் கட்டினோம். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். முதலில் வலது கால். நகம் கரிக்கட்டை போலக் கறுப்பு. உள்ளே எதுவரை சதை ஓடுகிறது என்று வெளியில் தெரியாது. அவர் அடியோடு நறுக்கினார். இரத்தம் கொட்டியது. கட்டிய வாய்க்குள்ளிருந்து நாய் எழுப்பிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சால்வை கழன்றது. எல்லாப் பல்லையும் காட்டி என் முகத்துக்கு நேரே உறுமியது. பயத்தில் செருப்பைக் கழற்றி மூஞ்சியில் அடித்தேன்.

"வாயை மூடு."

மூடியது. காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டினோம். பாக்குவெட்டியைக் கிணற்றடியில் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

அதன் பிறகு நாய் உறுமவில்லை. முதுகைத் தொட்டேன், சத்தமில்லை. முன்காலைத் தொட்டேன், சத்தமில்லை.

"பாத்தியளே, ஒரு அடி. நாயார் திருந்தீட்டார்" என்றார் பக்கத்து வளவுக்காரர். எனக்கும் அப்படித்தான் பட்டது. மனைவிக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன்: "உறுமலை நிப்பாட்டிப் போட்டன்." அவளிடமிருந்து ஒரு வரிதான் வந்தது. "அப்ப இனி அவன் என்னெண்டு சொல்லுவான்?"

நாய் எதைச் சொல்ல வேண்டும் என்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மஞ்சள் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன், வலது கால் ஆறியிருந்தது. இடது காலைப் பார்த்தேன், முக்கால் நெல்மணி. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தாழ்வான பலகையில் முழங்காலை நீட்டி வைத்தபடி நாயின் பக்கத்தில் இருந்தேன். காலைப் பிடித்தேன். நாய் அசையவில்லை. கல்லுப் போலக் கிடந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தது, கண்ணின் வெள்ளை ஒரு ஓரமாகத் தெரிந்தது. சம்மதித்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த கணம் என் வலது உள்ளங்கையில் இரண்டு ஓட்டை. நான் கத்துவதற்குள் அது குசினி மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டது.

பஸ் பிடித்துக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளின் வயதுள்ள ஒரு டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வீட்டு நாயோ ஐயா? ஊசி போட்டதோ?"

"ஓம், போன வருசமும் போட்டது."

"உறுமினதோ, இல்லாட்டி சும்மா கடிச்சதோ?"

"உறுமேல்லை."

"அப்ப சும்மா கடிச்சதெண்டு எழுதட்டோ?"

"எழுதாதேங்கோ, பிள்ளை. அது உறுமுற நாய். நான்தான் உறுமவிடேல்லை."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு ஊசிக்கு நாட்களைக் குறித்துத் தந்து, நாயைப் பத்து நாள் கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார். பத்து நாளும் அது எப்போதும் போலத்தான் இருந்தது. நகம் மட்டும் தன் வேலையைச் செய்தது.

கட்டவிழ்த்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக முடிவு செய்தேன். கடித்த நாய் என்று தெரிந்ததும் ஆட்டோக்காரர் ஏற்ற மறுத்தார். பக்கத்து வளவுக்காரர்தான் லான்ட்மாஸ்டர் பெட்டியில் சாக்கு விரித்து ஏற்றிக்கொண்டு போனார். பாக்குவெட்டி விசயத்துக்குப் பிறகு அவர் அதிகம் வழி சொல்லுவதில்லை.

வைத்தியர் வாய்க்கூடு போட்டு, இரண்டு பேரைப் பிடிக்கச் சொன்னார். நாய் சத்தமில்லாமல் துடித்தது. நாக்கு நீலம் பாய்ந்தது. வைத்தியர் உடனே எல்லோரையும் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நெஞ்சு சரியில்லை, ஐயா. பிடிச்சு அமத்தினா மேசையிலயே போயிடும்."

"மயக்க ஊசி?"

"போடலாம். பேந்து எழும்புமெண்டு நான் சொல்லமாட்டன்."

"அப்ப இந்த நகம்?"

"சதைக்குள்ள இறங்கினா சீழ் பிடிக்கும், புழு வைக்கும். அப்ப வேற வழியில்லை, ஊசியைப் போட்டுத்தான் பாக்க வேணும். அதுவரைக்கும் அமத்தாமல் நீங்கள் வீட்டில ஏதும் செய்யேலுமெண்டா செய்யுங்கோ."

திரும்பும் வழியெல்லாம் பெட்டியில் நாயின் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடியைப் போட்டு அளந்தேன். அரை நெல்மணிக்குச் சற்றே கூட. மனைவி வரும்போது நாய் இருக்குமோ இல்லையோ என்பது அந்த இடத்துக்குள் இருந்தது.

அன்று தொடங்கி எனக்கு வேண்டியிருந்தது அந்த உறுமல்தான். உறுமுகிற நாயிடம் கையை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். என்னுடையது இப்போது சத்தமில்லாத நாய். கையை நீட்டினால் அது கல்லாகிவிடும். எந்த இடத்தில் பல் வரும் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. செருப்பை வளவின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அது எதற்குப் பிரயோசனம் என்று தெரியாது, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வைத்தேன்.

மாலையில் குசினிப் படியோரம் பலகையைப் போட்டு இருப்பேன். நாய் எட்டத்தில் படுக்கும். காலைத் தொடாமல், காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நிலத்தில் கையை வைப்பேன். வாய் மூடினால், கண்ணின் வெள்ளை தெரிந்தால், கையை எடுத்துவிடுவேன். கதைக்கவும் முயன்றேன். எனக்கு நாயோடு கதைத்துப் பழக்கமில்லை. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொன்னேன். கொட்டாவி விட்டது. வேறு என்ன சொல்லுவது என்று தெரியாமல் மனைவியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் கறிக்கு உப்புக் கூடப் போடுவது, அங்கே குளிருக்கு இரண்டு சோடி காலுறை போடுவது. அவளும் இதே படியில் இருந்து என்னைப் பற்றி இப்படித்தான் குறை சொல்லியிருப்பாள்.

எத்தனை மாலை போயின என்று நான் எண்ணவில்லை; எண்ணாமல் விட்டது இந்த ஒன்றைத்தான். எண்ணினால் நகம் வளர்ந்ததும் அதோடு சேர்ந்து கணக்கில் வந்துவிடும்.

ஒருநாள் கை காலுக்கு இரண்டு விரற்கடை அருகில் போனபோது அந்தச் சத்தம் வந்தது. மிகச் சிறியது. தொண்டையைச் சரி செய்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். நாய் என்னைப் பார்த்தது, அடி வருமோ என்று. நான் கையை எடுத்தேன்.

"சரி. காணும், இண்டைக்கு இவ்வளவு போதும்" என்றேன்.

அடுத்த நாள் கொஞ்சம் உரத்து உறுமியது. எடுத்தேன். அதற்கடுத்த நாட்களில் விரல் நகத்தில் பட்ட பிறகுதான் உறுமியது. மனைவியிடம் சொன்னேன்.

"உறுமத் தொடங்கீட்டுது."

"அதுக்கேன் இந்தச் சந்தோசம்? நகத்தை வெட்டினனீங்களோ?"

"இன்னும் இல்லை."

கடையில் புதிதாக ஒரு நகவெட்டி வாங்கி வைத்திருந்தேன். ஒரு மாலை நாய் காலை இழுக்காமல் விட்டது. நகவெட்டியை நுனிக்குக் கொண்டுபோனேன். என் கை நடுங்கியது. இடக்கையால் வலக்கையைப் பிடித்தேன், இரண்டும் நடுங்கின. அரை நெல்மணி இடைவெளிக்குள் நடுங்குகிற கையால் இரும்பை நுழைக்க முடியாது. ஒருமுறை சதையில் பட்டால் எல்லாம் பழையபடி. நாய் தந்த காலை நான் கீழே விட்டேன்.

அன்று அடுப்பு மூட்ட எடுத்த நெருப்புப்பெட்டியின் பக்கத்தில் என் விரல் நகம் உரசியபோதுதான் யோசனை வந்தது. பெட்டியின் அந்த உரசும் பக்கத்தால் நகத்தைத் தேய்த்தேன். தேய்க்கிற வேலைக்குக் கை நடுங்குவது பெரிய குறையில்லை. ஏழு தரம் தேய்த்தேன். எட்டாவதில் உறுமியது. எடுத்தேன். ஒட்டிய மருந்தை நாய் நக்கிவிடும் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு மாலையும் இதுதான். சந்திக் கடைக்கார அம்மா, "என்ன ஐயா, வயசு போன காலத்தில சுருட்டுப் பழகிறியளோ? கிழமைக்கு அஞ்சு பெட்டி கொண்டு போறியள்" என்று கேட்டார். நாய்க்கு என்று சொன்னேன். "நாயோ சுருட்டுக் குடிக்குது?" என்றார். காசை வைத்துவிட்டு வந்தேன்.

நெருப்புப்பெட்டி தேய்ப்பது ஒரு நாளில் எவ்வளவோ, நகம் வளர்வதும் ஏறத்தாழ அவ்வளவுதான். நான் வெல்லவில்லை. இன்னும் தோற்கவுமில்லை. ஒருநாள் மழைக்கு நாய் கட்டிலுக்குக் கீழே போய் வெளியில் வராவிட்டால், எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், நகம் முந்திவிடும். இரவில் இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

இன்று காலை மனைவி எடுத்தாள். விசாவை இன்னொரு தரம் நீடித்திருக்கிறார்களாம். பிள்ளைக்குச் சளி.

"நகம் எவ்வளவில நிக்குது?"

"அரை நெல்மணி."

"போன கிழமையும் அரை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"அதே அரைதான்."

"விடாதேங்கோ. நான் வந்து வெட்டுறன்."

"எப்ப?"

பிள்ளை அழும் சத்தம் கேட்டது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

பின்னேரம் புதுப் பெட்டி ஒன்றை உடைத்து, குச்சிகளைப் போத்தலில் கொட்டிவிட்டு, பலகையில் போய் இருந்தேன். நாய் வந்து படுத்து இடது காலை நீட்டியது. தேய்த்தேன். பதினொன்றில் உறுமியது. கையை எடுத்தேன்.

நேற்றுப் பதினான்கு வரை விட்டது.